பேபி கேர்ள் செங்கோடன்

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது... நடந்ததை எழுதத் தைரியம் வராமல் இரண்டு வாரம் வேறு எதையோ எழுதி ஒப்பேற்றினேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில், மகள் கலைச்செல்வி வீட்டிலிருந்துதான் பத்திரிகையின் இந்தப் பக்கத்தை வாராவாரம் எழுதி ஃபேக்ஸ் பண்ணுகிறேன். மகள் பிரசவத்துக்கு அம்மாதானே போவாள், அப்பன் எதற்கு? விசா ஆபீஸ் ஜன்னலில் இரண்டு பேரும்தான் நின்றோம். எனக்குக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பத்து வயதில் சம்மட்டி பிடித்து, இன்றைக்கு நாமக்கல்லில் நாற்பது பேர் வேலை செய்யும் லாரி பாடி பட்டறை நடத்துகிறவன் நான். முகத்தைப் பார்த்ததுமே அந்த வெள்ளைக்காரருக்குப் புரிந்திருக்கும், இவன் எங்கே விட்டாலும் சமாளித்துக்கொள்வான் என்று.

சமாளித்தேன். வீட்டுக்காரி காலிங் கார்டு போனில் சொல்லச் சொல்ல, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். பேத்தியைக் காலில் போட்டுக் குளிக்க வைக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் இப்படி இன்னொரு ஆண்பிள்ளையைக் காட்டுங்கள், பார்ப்போம்.

பேத்தி பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்தாள். கையில் ஒரு அட்டை. அதில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. குழந்தையின் குதிகாலில் சுருக்கென்று குத்தி, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டுமாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, எதுக்குங்க இது? பச்சைக் குழந்தைங்க."

"பரம்பரையா வர்ற சில வியாதி இருக்குதான்னு செக் பண்ணுவாங்க மாமா. ஸ்டேட் லா. பொறக்கற எல்லாக் குழந்தைக்கும் பண்ணணும்."

லாரிக்கு, ஓட லாயக்குதான் என்று வருஷா வருஷம் எஃப்.சி. சர்ட்டிபிகேட் எடுப்பது மாதிரி, குழந்தைக்கும் எஃப்.சி. போலிருக்கிறது. எஃப்.சி. விஷயத்தில் எனக்குத் தெரியாதது உண்டா? நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, சாயங்காலமே கழற்றிக் கொடுத்த வண்டிகள் எத்தனை பார்த்திருக்கிறேன். சட்டம் என்று இருந்தால் பக்கத்திலேயே ஒரு சந்தும் இருக்கும். விசாரித்தேன். இருந்தது. நம் மதத்துக்கு விரோதம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம்.

"எழுதிக் குடுத்துருங்க மாப்பிள்ளை. பேர் வைக்கறதுக்கு முன்னால ரத்தம் எடுக்கறது எங்க வழக்கத்துல இல்லைனு."

கட்டிலிலிருந்து மகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அப்படி ஒரு வழக்கமே இல்லைப்பா. சும்மா இருங்க."

குத்தினார்கள். குழந்தை லேசாக முனகியது, அவ்வளவுதான். "பாத்தீங்களா, அப்புச்சி என்னை மாதிரியே நெஞ்சுரம்" என்றேன். இதே பக்கத்தில் அதை எழுதவும் செய்தேன் — என் பேத்தி அழவே மாட்டாள், பால் கூடக் கேட்காமல் தூங்குவாள், அத்தனை பொறுமை என்று.

இன்னொரு பெருமையையும் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. ஊரில் ஜோசியர் எழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ஆஸ்பத்திரித் தொட்டிலில் தாயார் பெயரை வைத்து ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். மகள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் எது? அப்பன் பெயர். கல்யாணம் ஆகியும் அவள் அதை மாற்றவில்லை. ஆக, அந்தச் சீட்டில் இருந்தது — பேபி கேர்ள் செங்கோடன். மாப்பிள்ளை பெயர் எங்குமே இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். ரத்தம் எடுத்த அட்டையிலும் அதே பெயர்தான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். குழந்தை பிறந்து எட்டாவது நாள். மகள் தூங்குகிறாள், மாப்பிள்ளை ஆபீஸில். ஒரு பெண் குரல், படபடவென்று இங்கிலீஷ். அதில் என் காதில் விழுந்தது நாலே நாலு வார்த்தை. செங்கோடன். பிளட் டெஸ்ட். டாக்டர். டுடே.

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இலவச மெடிக்கல் கேம்ப். நம் தமிழ் டாக்டர்கள் என் விரலில் குத்தி சுகர் பார்த்தார்கள். அது ஏறியிருக்கிறது போல. ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளை பெற்று எட்டு நாளான மகளிடம் அப்பனுக்கு சுகர் என்று சொல்வதா?

"யெஸ். செங்கோடன். மீ" என்றேன். "ஐ ஓகே. நோ ப்ராப்ளம். தேங்க்யூ." வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் அதே குரல். மறுபடியும் நோ ப்ராப்ளம். இந்த ஊரில் சுகருக்கு இவ்வளவு அக்கறையா என்று ஆச்சரியமாகக் கூட இருந்தது. அன்றைக்குக் காபியில் சர்க்கரை போடாமல் குடித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை காலை மூன்றாவது தடவை. இந்த முறை வேறொரு பெண் குரல், தமிழ்.

"வணக்கம் ஐயா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். சுகாதார இலாகா நர்சும் லைனிலை இருக்கிறா. நீங்கள் ஆர் ஐயா?"

யாழ்ப்பாணத் தமிழ். எனக்கோ சந்தோஷம். "செங்கோடன் பேசறனுங்க. என்ற சுகரைப் பத்தித்தானுங்களே? நேத்தே சொல்லிட்டனுங்க."

அந்தப் பக்கம் இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"ஐயா, உங்கடை சுகர் இல்லை. பிள்ளையின்ரை இரத்தம்."

"எந்தப் பிள்ளைங்க?"

"உங்கடை வீட்டிலை பிறந்த பிள்ளை. இஞ்சை பேபி கேர்ள் செங்கோடன் எண்டு எழுதிக் கிடக்கு. குதிக்காலிலை எடுத்த இரத்தத்திலை தைராய்டு சரியில்லையாம். மருந்து உடனை தொடங்க வேணுமாம். அட்டையிலை போட்ட டொக்டரிட்டை நீங்கள் இன்னும் போகேல்லை எண்டபடியால், நேற்றுத் தொடக்கம் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டிருக்கினமாம்."

"தொடங்கலைன்னா என்னங்க ஆகும்?"

அவள் அதை இங்கிலீஷில் கேட்டாள். பதில் வந்தது. அதைத் தமிழில் சொன்னாள்.

"பிள்ளை வளராது ஐயா. மூளையும் வளராது. இப்பவே தொடங்கினால் ஒண்டுக்கும் பயமில்லையாம். தாயை எழுப்புங்கோ."

"ராத்திரியெல்லாம் முழிச்சிருந்துட்டு இப்பத்தான் கண் அசந்தாளுங்க..."

"எழுப்புங்கோ ஐயா. நேற்று ஒரு நாள் வீணாய்ப் போட்டுது."

நர்ஸ் சொன்னதையா மொழிபெயர்த்தாள்? இல்லை. நர்ஸ் அப்போது வாயே திறக்கவில்லை. அதை அவளாகத்தான் சொன்னாள்.

எழுப்பினேன். மகள் போனை வாங்கிப் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "நேத்து ரெண்டு தடவை போன் வந்துச்சாப்பா?" என்றாள். வந்தது என்றேன். உடனே மாப்பிள்ளை ஆபீஸ் நம்பரை அழுத்தினாள். திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையின் பிஞ்சுக் கையில் நரம்பு தேடி மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அப்போதும் அது அழவில்லை. நாக்கு நுனி மட்டும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அழாததும், பசிக்குக் கூட எழாததும், எட்டு நாளாகியும் கண்ணில் மஞ்சள் போகாததும் எல்லாமே இதன் அடையாளம்தானாம். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். நான் ஊருக்கெல்லாம் எழுதிய பெருமைகள் ஒவ்வொன்றாக அந்த விரல்களில் வந்தன.

அடுத்து ஒரு கேள்வி. மாப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துதான்னு கேக்கறாங்க மாமா. வளர்ச்சி இல்லாம, பேச்சு வராம..."

"நோ" என்றேன். அவர் முடிப்பதற்குள். "எங்க வம்சத்துல அப்படியெல்லாம் யாரும் கிடையாதுங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நாக்கு நுனியைத்தான் பார்க்க முடிந்தது.

வாசகர்களே, என் கதையை எத்தனை வாரமாகச் சொல்லி வருகிறேன். ஒற்றைப் பிள்ளை, தனியாளாக நின்று ஜெயித்தவன் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன். நான் ஒற்றைப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு தங்கை இருந்தாள். பாவாயி.

பத்து வயதிலும் மூன்று வயதுக் குழந்தை உயரம்தான். முகம் ஊதி, நாக்கு நுனி எப்போதும் வெளியே தெரியும். தோல் வறண்டு கிடக்கும். பேச்சு வரவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவளும் அழ மாட்டாளாம். சமர்த்து என்று எங்கம்மாவும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். குலதெய்வக் குற்றம் என்றார்கள், கிடா வெட்டினோம். நான் பட்டறைக்குப் போகும்போது இடுப்பில் தூக்கிப் போய், கரி மூட்டை பக்கத்தில் உட்கார வைப்பேன். தீப்பொறி பறந்தால் மட்டும் சிரிப்பாள். பதினாறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் பெயரை நான் எடுத்ததில்லை.

"கலை" என்றேன். "உனக்கு ஒரு அத்தை இருந்தா."

"அத்தையா? ஒத்தைப் புள்ளைனுதானப்பா எப்பவும் சொல்லுவீங்க?"

"அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

"எதுக்குப்பா?"

"எனக்குப் பொண்ணு குடுக்கறவங்க யோசிப்பாங்கன்னு. அப்புறம் உன்னைக் கட்டறவங்க யோசிப்பாங்கன்னு."

கட்டியவர் பக்கத்திலேயே நிற்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று கூடத் தெரியவில்லை.

"டாக்டர்கிட்டச் சொல்லட்டுங்களா மாமா?" என்றார் மாப்பிள்ளை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அத்தை பேர் என்னங்க?"

"பாவாயிங்க மாப்பிள்ளை."

அவர் சொன்னார். டாக்டரம்மா முன்னால் எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினார். அதே வியாதிதான் என்று இப்போது சொல்ல முடியாதாம். இருக்கலாமாம். இருந்திருந்தால் என்ன மருந்து என்று கேட்கச் சொன்னேன். குழந்தைக்காக மேஜையில் எடுத்து வைத்திருந்த சின்னப் புட்டியைக் காட்டினார். இதே மாத்திரைதான்.

எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவுதான். இதற்கா நாங்கள் கிடா வெட்டினோம்?

ஒரு நாள் வீணானதால் கெடுதல் இல்லை, இரண்டாவது வாரத்துக்குள் தொடங்கிவிட்டீர்கள், மற்ற குழந்தைகள் மாதிரியே நடக்கும், பேசும், படிக்கும் என்றார் டாக்டரம்மா. மருந்து மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. அவ்வப்போது ரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்களாம். தினமும் காலையில் அந்த மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்து, தாய்ப்பாலில் கரைத்து ஊட்டுவது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ஐம்பது வருஷம் இரும்பு அடித்த கை — இப்போது எள்ளளவு மாத்திரையைப் பொடிக்கிறது. ஒரு துகள் வெளியே சிந்தினாலும் மகள் கண் என் மேல்தான் இருக்கும். இருக்கட்டும். போன வாரம் ரத்தம் பார்த்தார்கள். தைராய்டு அளவு நல்லபடியாக ஏறியிருக்கிறது.

சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஊருக்கு உபதேசம் சொல்லும், உள்ளே வந்தால் கையை நீட்டும் என்று. இந்தச் சட்டம் யாரையும் நம்பவில்லை. குழந்தை சமர்த்து என்கிற தாயை நம்பவில்லை. எங்கள் வம்சத்தில் கிடையாது என்கிற கிழவனை நம்பவில்லை. பணக்காரன் வீடு, ஏழை வீடு என்று பார்க்கவில்லை. எல்லாக் குதிகாலிலும் ஒரே மாதிரி குத்துகிறது. இரண்டு தடவை போனை வைத்தால் மூன்றாவது தடவை நம் பாஷையிலேயே கூப்பிடுகிறது. நம்பாத சட்டத்துக்கு இவ்வளவு பாசமா?

ஒரே ஒரு குறை. அன்றைக்கு அவசரத்தில் அந்த மொழிபெயர்ப்பாளப் பெண்ணிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசவில்லை. மறுநாள் நர்ஸ் கூப்பிட்டபோது, மகளை விட்டு விசாரித்தேன். அவர்கள் வேறு எங்கோ ஒரு ஊரிலிருந்து பேசுகிறவர்களாம், பெயர் சொல்லக் கூடாதாம். ஆனால் தமிழ்க் கடை இருக்கிற ஊரிலெல்லாம் இந்தப் பத்திரிகை தொங்குகிறது என்று மாப்பிள்ளை சொல்கிறார். எந்தக் கடையிலாவது, என்றைக்காவது நீங்கள் இதைப் புரட்டினால்...

தங்கச்சி, பிள்ளை சுகமாக இருக்கிறாள்.