ஒரு பிளாக்குக்கு ஒரு புடவை

தீபாவளிக்கு முந்தின நாள் ராஜாம்பாள் வீட்டெதிரே சாமான் லாரியைக் கண்டதும், சைக்கிளில் புடவை விற்கும் தனகோடிக்கு வியர்த்துவிட்டது. குவார்ட்டர்ஸ் காலனியில் ஒரு டிசைனை ஒரு பிளாக்கில் ஒருவருக்குத்தான் தருவேன் என்று சத்தியம் பண்ணி விற்கிறவர் அவர். இந்தத் தீபாவளிக்கு, ராஜாம்பாளுக்கும் வேறு பிளாக்கில் இருந்த சந்திரகலாவுக்கும் ஒரே மயில்கழுத்துப் புடவையை விற்றிருந்தார். கணவருக்குப் புரமோஷன் வந்து பெரிய வீடு கிடைத்ததில், இப்போது ராஜாம்பாளின் பிளாக்கிலேயே எதிர் குவார்ட்டர்ஸில் குடியேறிக்கொண்டிருந்தாள் சந்திரகலா.

"வேற புடவ தர்றேம்மா, மாத்திக்குங்க," என்று அவளிடம் கெஞ்சினார்.

"அவங்க மாத்திக்கட்டும்."

ராஜாம்பாளிடம் ஓடினார்.

"இன்னிக்கு வந்தவங்களுக்காக நான் ஏங்க மாத்தணும்?"

தீபாவளிக் காலையில் இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. இருவருமே போன வருஷப் புடவையில் நின்றார்கள்.

அதிலிருந்து தனகோடி மூட்டையைப் பிரிக்குமுன் ஒன்று கேட்பார்: "சாருக்குப் புரமோஷன் எதுனா வருதுங்களா?"