பொத்தான் டப்பாவில் ஒரு ரிமோட்

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, யாருடைய கால்சட்டையையோ உயரம் குறைத்துத் தைத்துக்கொண்டிருப்பார் ரிமோட் அக்கா. பிரம்பு நாற்காலியிலிருந்து கணவரின் குரல் வரும்: "ரிமோட் எங்கடி?" அக்கா நிமிரமாட்டார். "தொலைஞ்சு போச்சு" என்பார், ஒரு ஊசிகூட விழாமல்.

அது எங்கும் தொலையவில்லை. அக்காவின் முழங்கைக்குப் பக்கத்திலுள்ள தகர டப்பாவில், கோட்டுப் பொத்தான்களுக்கு அடியில் கிடக்கிறது. கணவருக்கும் அது தெரியும். எழுந்து வந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எழுந்து வருவதில்தான் எல்லாமே இருந்தது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து இடது காலைப் பிடித்துக்கொண்டது. நடந்தால் கால் திரும்பும், உட்கார்ந்துவிட்டால் இப்படியே தங்கிவிடும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மனிதர் உட்கார்ந்துவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், "ஊரையே சுமந்து ஓட்டியாச்சும்மா. இனி என்னை யாராவது சுமக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த உடம்பில் சுறுசுறுப்பாக இருந்தது ரிமோட்டை அமுக்கும் கட்டைவிரல் மட்டும்தான்.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்குக் கொஞ்சம் கண்ணும் கலங்கும். இந்தக் கட்டடத்திலேயே முதல் தொலைக்காட்சி அவர்கள் வீட்டில்தான். மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, திருகினால் கடக்கென்று சத்தம் போடும் குமிழ். சாயங்காலமானால் மாடி வீடு, கீழ் வீடு எல்லாம் அங்கே தரையில் இருக்கும். வேலை முடிந்து வந்த டிரைவர் நாற்காலியில் சாய்ந்தால் சாய்ந்ததுதான். "இந்தா, அதைத் திருப்பு!" "சத்தத்தைக் குறை!" சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வருவார் அக்கா. குழந்தைகளின் விரலை மிதிக்காமல், பாவாடை விரித்து உட்கார்ந்தவர்களைத் தாண்டி, குமிழைத் திருகிவிட்டு ஓடுவார். அடுப்பில் ஏதாவது கருகியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒருநாள் ரிமோட் என்ற அதிசயத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். "இதென்ன பிரமாதம்? நம்ம டிரைவர் வீட்ல அது எப்பவோ வந்தாச்சே" என்று மாடி வீட்டு மாமி அக்காவைக் காட்டினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு அதில் கோபமில்லை. "நான் சமையல்கட்டுல இருந்தாலும் வேலை செஞ்சேன். இந்தக் குச்சி சுவரைத் தாண்டி வேலை செய்யுமா?" என்பார்.

நிஜ ரிமோட் வந்த அன்று அதற்குப் பிளாஸ்டிக் உறை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். "அன்னைக்கு எனக்கு ரிட்டையர்மென்ட். என்ன, நான் பார்க்க நினைச்சது மட்டும் எந்த ரிமோட்லயும் வரல." மதியத்தில் வரும் குடும்பத் தொடர் ஒன்றின் மேல் அவருக்கு உயிர். "அழுமூஞ்சி நாடகம்" என்று கணவர் ஒரு நொடியில் தாண்டிவிடுவார். பத்திரிகையில் நான் எழுதும் தொடர்கதைகளுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் அதுதான்.

அக்கா ரிமோட்டை ஒளித்த அன்று, தொலைக்காட்சியில் ஒருவர் ஓயாமல் வாணலி விற்றுக்கொண்டிருந்தார். டிரைவர் கத்தினார், கெஞ்சினார். "டிவிக்குக் கீழேயே பொத்தான் இருக்கு. எழுந்து போய் அமுக்குங்க. நான் நடக்காத நடையா?" என்றார் அக்கா. பேச்சு நின்றது. வாணலி வியாபாரம் மட்டும் மறுநாளும் நடந்தது. கடைசியில் பொறுக்கமுடியாமல், சுவரைப் பிடித்து எழுந்தார் மனிதர். அக்கா தைப்பதுபோலவே இருந்தார். ஆனால் அந்தத் தையலில் நூலே இல்லை.

அதன்பின் தினமும் தொலைக்காட்சிவரை பயணம்தான். பாதியில் மூச்சு வாங்கி நின்றால், "என்னங்க, தடங்கலுக்கு வருந்துகிறோமா?" என்று குரல் வரும்.

"சும்மா இருடி. ஆன்டெனா திருப்பிட்டிருக்கேன்."

"திருப்பியாச்சா? போலாம், ரைட்!"

ஒருநாள் விழுந்துவிட்டார். முழங்கால் வீங்கியது. சேதி தெரிந்து வெளியூரிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டான்: "ஏம்மா, அப்பாவைப் பழி வாங்குறியா?" அன்று நான் போனபோது அக்கா கோணலாகப் போன தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "பழி வாங்குறேனாம், தம்பி. வச்சுக்கட்டும். அவர் கால் வந்தாப் போதும், அப்புறம் எனக்கு எந்தப் பேர் வேணா வைக்கட்டும்" என்றார்.

மகன் அனுப்பிய புது ரிமோட் வந்து சேர்ந்தது. தைக்கக் கொடுத்திருந்த ஜன்னல் திரையை வாங்க நான் அங்கே போயிருந்த மதியம், அது டிரைவரின் மடியில் பளபளத்தது. பெட்டி பிரித்தாகிவிட்டது, பேட்டரியும் போட்டாகிவிட்டது. ஒரு கட்டைவிரல் அமுக்கினால் போதும். அக்காவின் இத்தனை நாள் பாடும் வீண். அவரோ ஊசிகளைக் கவ்வியபடி தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டேயிருந்தார்.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். நாற்காலிக் கையை அழுத்தி எழுந்து, சுவரைத் தொட்டும் தொடாமலும் போய், தொலைக்காட்சியின் பொத்தானை அமுக்கினார். அழுமூஞ்சி நாடகம் வந்தது. இன்னும் இரண்டு அமுக்கு. தையல் இயந்திரத்தையும் மீறிச் சத்தம் கூடியது.

நாற்காலிக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் சுவரை விட்டுவிட்டு, பிடிக்க எதுவுமில்லாத நடு அறையைக் காலை இழுத்து இழுத்துக் கடந்து, தையல் மேசைக்கு வந்தார். தகர டப்பாவைத் திறந்து, புது ரிமோட்டைப் பொத்தான்களுக்குள் புதைத்து மூடினார்.

"தொலைஞ்சு போச்சு" என்றார்.

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவைத்தார்.