வார்டு வாசலில் ஒரு நீலத் தொப்பி

ராஜாக்கண்ணுவுக்கு அந்தத் தொப்பி பொருந்தவே இல்லை. செக்யூரிட்டி கம்பெனிக்காரன் ஊரிலுள்ள தலைக்கெல்லாம் ஒரே அளவில் தைத்து அனுப்பியிருந்தான். இவருக்கோ சின்னத் தலை. நீல நிறம், முன்பக்கம் ஒரு தகர வில்லை. உள்ளே அவர் மனைவி சுந்தரம்மாள் பழைய ரவிக்கைத் துணியை மடித்து ஒரு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அது இல்லாவிட்டால் தொப்பி மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "வேலைக்குப் போறியா, தலையில சட்டிய கவுத்துக்கினு போறியா?" என்று முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தவளும் அவள்தான், பட்டை தைத்தவளும் அவள்தான்.

ஜவ்வாது மலையில் அது சின்ன ஆஸ்பத்திரி. யாரோ நல்ல மனசுக்காரர்கள் டிரஸ்ட் வைத்துக் கட்டியது. முன்னால் ஒரு கூடம். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அங்கேதான் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்பார்கள். கூடத்தைத் தாண்டினால் வார்டு. நடுவில் கண்ணாடி பதித்த கதவு. கதவோரம் ஸ்டூல் போட்டு ராஜாக்கண்ணு. முட்டி தேய்ந்து காட்டு வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனபிறகு கிடைத்த வேலை. அவர் வம்சத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவர்தான். இது போனால் வேறு போக்கிடம் இல்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு சரிவில் சாமை விதைக்க முடியுமா, பலா மரம் ஏற முடியுமா?

அவர் ஊரில் ஆம்பளைகள் தலைத்துண்டை வெயிலுக்காக மட்டும் கட்டுவதில்லை. வீட்டுக்குள்ளேயும் இருக்கும், சோறு தின்னும்போதும் இருக்கும், சிலபேருக்குத் தூங்கும்போதுகூட இருக்கும். அதை அவிழ்ப்பது சாமிக்கு முன்னால். அப்புறம் ஊர்க்கவுண்டருக்கு முன்னால். அதுவும் இல்லையென்றால் சாவு வீட்டில். எழவு விழுந்த வீட்டில் பிணம் வாசல் தாண்டும்வரை எவன் தலையிலும் துணி இருக்காது. தூரத்தில் காட்டில் நிற்கிறவன்கூட, வாசலில் நாலுபேர் வெறுந்தலையோடு நிற்பதைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் துண்டை அவிழ்த்துக்கொண்டே இறங்கி வருவான்.

கம்பெனித் தொப்பியும் தலையில் இருப்பதுதானே? ராஜாக்கண்ணு அதையும் தலைத்துண்டாகவே நினைத்துவிட்டார். வார்டுக்குள் ஒரு உயிர் போனால், கண்ணாடி வழியாகப் பார்த்ததும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் தடுத்தாலும் கை நிற்காது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாலிபத்தில் அவரும் தம்பி அருணகிரியும் கூர்க் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே காய்ச்சல் கண்டு, மொழி தெரியாத ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில் அருணகிரி செத்துப்போனான். தள்ளுவண்டியில் வைத்து நீளமான நடையில் தள்ளிக்கொண்டு போனார்கள். சுவரோரம் தொப்பி போட்ட காவல்காரன் ஒருத்தன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். வண்டி வந்ததும் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான், அவ்வளவுதான். தொப்பி அசையவில்லை. காலை மடக்கத் தெரிந்தவனுக்குத் தொப்பியை எடுக்கத் தெரியவில்லையே என்று ராஜாக்கண்ணு இன்றைக்கும் புகைவார். "எந்தம்பி இன்னா மூட்டையா?" என்று சுந்தரம்மாளிடம் எத்தனையோ முறை கேட்டு அழுதிருக்கிறார். அதனால் தன் கண் முன்னால் எந்த உயிரும் மூட்டை மாதிரிப் போகக் கூடாது என்பது அவர் வைராக்கியம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணமும் வில்லங்கத்தைக் கூட்டிக்கொண்டு வரும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் மலை ஜனங்கள். அவர்கள் டாக்டர் முகத்தையா பார்ப்பார்கள்? ராஜாக்கண்ணுவின் தலையைத்தான் பார்ப்பார்கள். தொப்பி இருந்தால் உயிர் இருக்கிறது, கழன்றால் முடிந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டு, பக்குவமாகச் சொல்லலாம் என்று வெளியே வருவதற்குள் இங்கே ஒப்பாரி பாதி முடிந்திருக்கும். ஒருமுறை செத்தவரின் மகன்கள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே நர்ஸ் இன்னும் குழாய்களைக்கூட எடுக்கவில்லை. அப்பனை அந்தக் கோலத்தில் பார்த்த கடைசி மகன் அங்கேயே மயங்கி விழுந்தான்.

அன்றைக்கு மெர்சிலின் சிஸ்டர் அவரைக் கூப்பிட்டார். ஆலங்காயத்துக்காரர், அந்த ஆஸ்பத்திரிக்கே பெரிய நர்ஸ். சத்தம் போடுகிற ரகம் இல்லை; அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

"ராஜாக்கண்ணு, கெட்ட சேதிய டாக்டர் உக்காரவெச்சு, தண்ணி குடுத்து, பக்கத்துல இருந்து சொல்லணும். உங்க தலைய பார்த்து அவங்க தெரிஞ்சிக்கக் கூடாது. இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள தொப்பி தலையிலயே இருக்கணும்."

"அப்ப செத்தவங்களுக்கு, சிஸ்டர்?"

"மனசுக்குள்ள எடுத்துக்கோங்க."

"சரிங்க சிஸ்டர்."

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா வேற ஆள அனுப்பச் சொல்லி கம்பெனிக்கு எழுதிடுவேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா எழுதிடுவேன்."

வீட்டுக்குப் போய்க் குமுறினார். "மனசுக்குள்ளயா தொப்பி போட்டுனு கீறேன், மனசுக்குள்ள எடுக்க?" சுந்தரம்மாள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "அந்தம்மா சொல்றது நியாயம். கைய அடக்கிக்கோ. இந்த வேலையும் போச்சின்னா நாம இன்னா பண்றது?" என்றாள்.

அடக்கிக்கொண்டார். அடுத்து ஒரு கிழவர் போனபோது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து, பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னார். அவர்கள் அடங்கி அழுதார்கள். சிஸ்டர் சொன்னது சரிதான் என்று ராஜாக்கண்ணுவுக்கே தெரிந்தது. ஆனாலும் தள்ளுவண்டி பக்கத்தில் வந்தபோது முட்டியை மடக்கி வழிவிட்டார் பாருங்கள், அப்போது அருணகிரி ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புளி உலுக்கும் காலத்தில் குப்பனைக் கொண்டுவந்தார்கள். கிளை முறிந்து மரத்திலிருந்து விழுந்தவன். விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் குத்தியிருந்தது. இந்த நிலையில் மலைப்பாதையில் குலுக்கிக்கொண்டு கீழே அனுப்புவது ஆபத்து, இங்கேயே பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குப்பன் பெண்சாதி அம்மாக்கண்ணு கூடத்தில் ராஜாக்கண்ணுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பக்கத்து ஊர்க்காரி. சிஸ்டர் போட்ட புதுச் சட்டமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? ஊர்ப் பேச்சில் கேட்ட பழைய சேதிதான் தெரியும்.

"அண்ணா, இங்க யார் பேச்சும் எனக்கு வெளங்கல. உன் தொப்பியத்தான் பார்த்துனு கீறேன். அது தலையில கீற வரைக்கும் எனக்குத் தைரியம்" என்றாள்.

ராஜாக்கண்ணு ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "அப்படி இல்ல தங்கச்சி, இப்பல்லாம் டாக்டர்தான்..." என்று ஆரம்பித்தார். அவள் கேட்டால்தானே! வெற்றிலையைக்கூடக் கண்ணை எடுக்காமல் மடித்தாள்.

மறுநாள் சாயங்காலம், குப்பனைப் பார்க்க ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வந்தார். இரண்டு ஊருக்கும் அவர்தான் கவுண்டர். பஞ்சாயத்தில் அவர் வாயிலிருந்து விழுவதுதான் தீர்ப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் அம்மாக்கண்ணுவின் முதுகுப்பக்கமாக நடந்து வந்தார். அவர் வருவது அவளுக்குத் தெரியாது. ராஜாக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

சாவுக்குத்தான் ராஜாக்கண்ணு தன் கையைக் கட்டிப்போட்டிருந்தார். கவுண்டருக்குக் கட்டிப்போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. சின்ன வயசிலிருந்து பழகிய கை. எழுந்தார், தொப்பியை எடுத்தார், மார்போடு வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"ஐயோ எஞ்சாமி!"

அம்மாக்கண்ணு போட்ட கூச்சலில் கூடமே எழுந்தது. அவள் இரண்டு கையையும் சுவரில் ஓங்கி அறைந்தாள். கண்ணாடி வளையல்கள் நொறுங்கித் தரையெல்லாம் தெறித்தன. மணிக்கட்டில் ரத்தம். சுற்றியிருந்த பெண்கள் ராஜாக்கண்ணுவின் வெறுந்தலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான், அவளைக் கட்டிக்கொண்டு எல்லாரும் ராகம் போட்டுவிட்டார்கள். ஆம்பளைகள் துண்டை அவிழ்த்தார்கள். கவுண்டரும் குப்பன் போய்விட்டான் என்று நினைத்துத் தன் தலைப்பாகையை அவிழ்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மெர்சிலின் சிஸ்டர் ஓடி வந்தார். "யார் செத்தது? யாரும் சாகல! குப்பன் உயிரோட இருக்காரு!"

கூடம் அடங்கியது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்தாயிற்று. புருசன் இருக்கிறவள் வளையலை உடைத்தாயிற்று. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.  பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது ராஜாக்கண்ணுவுக்கு. எந்த உயிருக்கும் அவமரியாதை கூடாது என்று வைராக்கியம் வைத்தவர், உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்துவிட்டாரே!

அங்கே நிற்க முடியாமல் வெளியே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சுந்தரம்மாள் தைத்த பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். சிஸ்டர் வந்தால் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். எழுதிக் கஷ்டப்பட வேண்டாம், நானே போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிடலாம்.

சிஸ்டர் வந்தார். ராஜாக்கண்ணு எழுந்து தொப்பியை இரண்டு கையாலும் நீட்டினார். "தப்புப் பண்ணிட்டேன் சிஸ்டர். சாவுக்கு எடுக்கல. எங்க கவுண்டர் வந்தாரு, கை தானா போயிடுச்சி. நான் போயிடறேன்."

"எங்க போறீங்க? உள்ள வாங்க."

"வாணாம் சிஸ்டர். அந்தத் தங்கச்சி மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"அந்தம்மாதான் கூப்பிடுது" என்றார் சிஸ்டர். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "நான் சொன்னேன், நம்பல. டாக்டர் வந்து சொன்னாரு, நம்பல. கண்ணாடி வழியா காட்டினேன், படுத்துனு கெடக்குற மனுசன பார்த்து இன்னும் சத்தமா அழுவுது. தொப்பிக்காரண்ணன் வந்து தொப்பிய போடட்டும், அப்பதான் நம்புவேன்னு சொல்லுது. வாங்க!"

உள்ளே போனார். அம்மாக்கண்ணு தரையில் விழுந்து கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதவோரம் கவுண்டர் நின்றுகொண்டிருந்தார். ராஜாக்கண்ணுவின் கை தொப்பியோடு பாதி உயர்ந்து நின்றுவிட்டது. கவுண்டருக்கு முன்னால் தலையை மூடுவதா? அவர் அப்பன் செய்ததில்லை, பாட்டன் செய்ததில்லை. கை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மெர்சிலின் சிஸ்டர் ஒரு நொடி பார்த்தார். தொப்பியைப் பிடுங்கித் தன் கையாலேயே அவர் தலையில் வைத்து, காதுவரை இழுத்துவிட்டார்.

"இருக்கட்டும்டா, போட்டுக்கோ" என்றார் கவுண்டர், தன் தலைப்பாகையையும் அவசரமாகச் சுற்றிக்கொண்டே. "எடுத்து வெச்சிக் கிழிச்சது போதும்."

அம்மாக்கண்ணு அந்தத் தொப்பியையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "தண்ணி குடுங்க" என்றாள். அப்போதுதான் நர்ஸை மணிக்கட்டுக்குக் கட்டுப்போட விட்டாள்.

கம்பெனிக்குச் சிஸ்டர் எழுதவில்லை. வேறு ஒரு ஏற்பாடு செய்தார். யாராவது செத்தால், டாக்டர் சொந்தக்காரர்களிடம் பேசி முடித்தபிறகு ராஜாக்கண்ணு வெளிக்கேட்டுக்குப் போய்விட வேண்டும். பிணத்தை ஏற்றிய வண்டி அங்கே வரும்போது தொப்பியைக் கழற்றி, கண்ணுக்கு மறையும்வரை நிற்கலாம். "கேட்டு கட்டடத்துக்கு வெளியதான இருக்கு" என்றார். அதைச் சொன்னபோது சிஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜாக்கண்ணுவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. கவுண்டரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். குப்பனைப் பார்க்க அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் சமையல்கட்டு வாசல் வழியாக வந்தார். ஊருக்கே பெரிய மனுசர், சோற்றுப்பானைக்கும் விறகுக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு! "அவன் கை சும்மா கெடக்காதுய்யா" என்று சமையல்காரியிடம் சொன்னாராம்.

குப்பன் பிழைத்துக்கொண்டான். மூச்சு சீரானதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அன்னிக்கி எனக்குத்தான ஒப்பாரி வெச்சிங்க? இன்னாடி, என்னப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்த சொல்லக் காணோம்?"

வீட்டுக்குப் போகிற அன்று ஆலங்காயம் பஸ்ஸுக்காகக் கேட்டில் நின்றார்கள். அம்மாக்கண்ணுவின் கட்டுப்போட்ட கையில் புது வளையல். பச்சை, கை நிறைய. ராஜாக்கண்ணு தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எட்டியே நின்றார். கிட்டே போக அவருக்கு முகம் இல்லை. அவளே வந்தாள்.

"அண்ணா, நம்ம எல்லாருக்கும் ஒரு நாளு வரும். என் வூட்டுக்காரருக்கும் வரும், எனக்கும் வரும்."

"தங்கச்சி, என்ன மன்னிச்சிடு..."

"அத வுடு. அன்னிக்கி நீதான் வந்து நிக்கணும். வேற எவன் எடுத்தாலும் எனக்கு அது எடுத்ததா ஆவாது" என்றாள். "அதுவரைக்கும் போட்டுனு இரு."

பஸ் வந்தது, ஏறினார்கள். வளைவில் திரும்பும்போது ஜன்னலில் ஒரு பச்சை வளையல் கை தெரிந்தது. ராஜாக்கண்ணு இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றிருந்தார்.