எதிர்வீட்டுப் பந்தல்

எதிர்வீட்டில் சாவு விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் தெரியாமல் இருந்த பெரிய மனுஷன் நான். இன்று மொரப்பூர் பஸ்ஸில்தான் தெரிந்தது.

பக்கத்து சீட்டில் எதிர்வீட்டு டெய்லர் பாய். தர்மபுரியில் எங்கள் தெருவுக்குள் லாரிகளைத் திருப்பிவிட்டதிலிருந்து அவருக்கும் எனக்கும் கைஜாடைதான் பேச்சு.

"அம்மா சௌக்கியமா பாய்?"

"அம்மா தவறிட்டாங்க. நாளைக்கு நாப்பதாம் நாள்."

"அடடா, லாரிங்க மறைச்சிருச்சு பாய். எனக்குத் தெரியவே இல்லீங்க."

"பந்தல் போட்டிருந்தமே. நீங்ககூட அந்தப் பக்கம் நின்னு சிரிச்சுக்கிட்டே, பிரியாணி எங்கேன்னு கை காட்டுனீங்க."

கல்யாணம் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கு அம்மாவுக்காக பாத்தியா ஓதறோம். சாப்பிட வந்துருங்க" என்றார், முகம் மாறாமல்.

இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். லாரி உங்களையும் இப்படிக் கெடுத்திருந்தால் ஒரு கார்டு போடுங்கள், ஆறுதலாக இருக்கும்.

நான் தினம் நாலு தடவை ரோட்டைத் தாண்டிப் போய் டீ குடிக்கும் கடை, பாய் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.