காசிமேட்டு ஏலத்தில் என் பழைய இயக்குநர்

"நீ பேசுறது யாருக்கும் புரியாதும்மா" என்று சொல்லி என்னை நாடகக் குழுவிலிருந்து துரத்திய இயக்குநர், இன்று காலை காசிமேட்டுக்கு வந்தார். மீனவர்களைப் பற்றி நாடகம் போடுகிறாராம். இதே காசிமேட்டில் பிறந்து, இதே பேச்சில் தெருத் தெருவாகத் தனியாக நடித்துப் பெயர் வாங்கிய நான்தான் சுற்றிக்காட்ட வேண்டுமாம்.

மீன் ஏலத்தின் நடுவே, உடல்மொழிப் பயிற்சி என்று இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணை மூடி நின்றார். இங்கே கை தூக்கினால் மீன் அவருடையது. தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

ஏலம் விடும் அக்கா அதட்டினார்: "இன்னா நைனா, தூங்கினுகீற? ரெண்டு கூடையும் உன்னுது. துட்ட வெச்சிட்டு தூக்கினு போ!"

இயக்குநர் என்னிடம் பாய்ந்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நான் பேசுறது உனுக்கு எங்க சார் புரியப் போவுது?"

இரண்டு கூடை சங்கரா மீனை ஆயத் தெரிந்த நவீன நாடகக்காரர்கள் யாராவது இருந்தால், கமெண்டில் கை தூக்கவும்.