ரீச்சர் வீட்டு வாளிக் கட்டி

ரீச்சர் வீட்டுக் கராஜின் இரும்புக் கதவு காற்றுக்கு அடிபடாமல் இருப்பது ஒரு சாம்பல் நிறக் கட்டியின் தயவில். பாதி வாளியின் வடிவம், நடுவில் களியில் குத்திய அகப்பை மாதிரி ஒரு தடி. அது என் கைவேலை. பேசாலையில் நான் பூசிய சுவர்கள் உரிந்திருக்கின்றன, தகரங்கள் வெளிறியிருக்கின்றன. என் கைபட்டதில் இன்றுவரை ஒரு கீறலும் விழாதது அந்தக் கட்டி மட்டும்தான்.

ரீச்சர் எனக்கு மூன்றாம் வகுப்பில் படிப்பித்தவர். நான் படித்தேன் என்று சொல்லவில்லை. அவர் படிப்பித்தார், நான் பின்மதிலால் ஏறிக் கடற்கரைக்குப் போனேன். பிறகு நான் பெயின்ற் அடிக்கிறவனானேன். என் தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள், கராஜ் தரையைப் புதிதாகப் பூச ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் தன்னுடைய காருக்காக ஆசையாகப் போட்ட எபொக்சிப் பூச்சுத் தரை அது. அவரும் இல்லை, காரும் விற்றுப் போய்விட்டது. கார்ச் சில்லுகள் நின்ற இடங்களில் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. மத்தியானங்களில் ஊர்க் கழுதைகள் வந்து அதில் குளிர்ச்சிக்குப் படுத்திருக்கும். வாங்கிவைத்திருந்த பூச்சு ரின்னில் எழுதியிருப்பதை வாசிப்பாயா என்று ரீச்சர் கேட்டார். ஓம் என்றேன். எழுத்து இங்கிலிஷ். தமிழாக இருந்தாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் இருந்திராது.

ரீச்சருடைய அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் வைத்திருந்தவர்களே அதை அடுத்த வீட்டுக்குச் சுமந்துவந்து, உள்ளே இருந்து செபம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ரீச்சர் வீட்டில் சுரூபம் வைக்கிற இடம் இந்தக் கராஜ். அவர் வீட்டுக்கு முந்திய வீடு அவருடைய தம்பியாரின் வீடு. வேலி ஒரு முழம் தள்ளிப் போட்டதில் ஆறு வருடமாக இருவருக்கும் கதை பேச்சு இல்லை. ஞாயிறு பின்னேரம் அவர் உள்ளே வருவாரா, வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவாரா என்பதுதான் ரீச்சருடைய யோசனை. "அவன் வந்து இருக்கிற இடம் உரிஞ்சுபோய்க் கிடக்கப்படாது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் சவுக்காரம் போட்டுக் கழுவினேன், மெசினால் தேய்த்தேன். கதவால் விழுந்த வெயிலில் தூசி ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நெடுநேரம் சும்மா இருந்ததும் உண்மை. வெள்ளிக்கிழமை காலை, சுண்ணாம்பு கலக்கிற பழக்கத்தில், பூச்சு இருந்த பெரிய ரின்னையும் அதை இறுக வைக்கிற மருந்து இருந்த சின்ன ரின்னையும் ஒரே வாளியில் முழுக்க ஊற்றிக் கலந்தேன். ஒரே நிறமாக வரட்டும் என்ற புத்திசாலித்தனம். பின்சுவரில் இருந்து தொடங்கிப் பாதித் தரை முடித்தேன். ஈரமான சாம்பல் பரப்பில் கூரை தலைகீழாக மிதந்தது; வற்றுக்கடலில் நிற்பது போல ஒரு மயக்கம். அந்த மயக்கத்திலேயே பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வாளி புகைந்துகொண்டிருந்தது. தடியைப் பிடித்து இழுத்தேன். வாளியும் சேர்ந்து வந்தது. முழுக்கக் கலந்ததில் கலவை தன் சூட்டிலேயே வெந்து இறுகிவிட்டது. ரீச்சர் வாசலுக்கு வந்து வாளியையும் பாதித் தரையையும் பார்த்தார்.

வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. ரீச்சரின் தம்பியார் இது மாதிரி மருந்து கலந்து பைபர் வள்ளம் திருத்துகிறவர். அந்தப் புகையின் மணம் அவருக்குப் பிடிபடாமல் போகுமா?

"ஆரடா முழுக்கக் கலந்தது?"

"நான்தான் அண்ணை."

"உன்னைத் தவிர வேற ஆர்."

தலை மறைந்தது. பிறகு வேலியைச் சுற்றி, பெரிதும் சின்னதுமாக இரண்டு ரின்களைத் தூக்கிக்கொண்டு கராஜ் வாசலுக்கு வந்து தயங்கினார். ரீச்சர் அவருடைய காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வா, தம்பி."

ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கழற்றினார்.

"என்னட்ட நீலம்தான் கிடக்கு, அக்கா. வள்ளத்துக்கு வாங்கினது."

"நீலமெண்டா நீலம்."

அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார், நான் ரோலரை உருட்டினேன். பின்பாதி சாம்பல், முன்பாதி வள்ளத்து நீலம். ஞாயிறு சுரூபம் வந்தபோது கதவு காற்றுக்கு ஆட, ரீச்சர் வாளியை அறுத்து எடுத்த அந்தக் கட்டியைக் காலால் தள்ளி அண்டை கொடுத்தார். தம்பியார் நீலத்தில் முழந்தாளிட்டுச் செபம் சொன்னார்.

ரீச்சர் காலமாகி ஒரு வருடம். போன கிழமை தம்பியார் தரையைத் திரும்பப் பூச என்னைக் கூப்பிட்டார். இப்போது தேய்ந்திருப்பது நீலப் பக்கம்தான். கார் இல்லாத கராஜில், பின்னேரங்களில் அக்காவும் தம்பியும் இருந்து கதைக்க இரண்டு கதிரைகள் இழுபட்ட இடம். கழுவித் தேய்த்துத் தூசி துடைத்து, கடைசியாகக் கட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

"அதைத் தூக்காதை. சுத்தி அடி" என்றார்.

வாளியில் கொஞ்சமாகக் கலந்து, கட்டியைச் சுற்றி மெதுவாக உருட்டினேன். கதவு திறந்தபடியே கிடந்தது.