என் மனைவிக்குத் தெரியாத றெக்கை வறுவல்

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தபோது, விழுப்புரத்து எலும்பு டாக்டர் ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்களில் நான் அடுப்பில் வைத்தது வெந்நீர் மட்டும்தான். அன்றிலிருந்து கரண்டி என் கைக்கு வந்தது.

கரண்டி வந்ததே தவிர அதிகாரம் வரவில்லை. சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். "கடுகு இன்னும் வெடிக்கல, அதுக்குள்ள இன்னா அவசரம்?" "புளி பத்தாது." "வெங்காயத்த இப்டியா நறுக்குவாங்க?" ரசமோ சாம்பாரோ, நான் எதைத் தொட்டாலும் அவள் அதை ஆயிரம் முறை செய்திருந்தாள். மூன்றாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கே தெரியாத ஒன்றைச் சமைத்தால் என்ன?

நான் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் செல்போன்தான் துணை. ஒரு வீடியோவில் கொரியாக்காரப் பெண் ஒருத்தி கோழி றெக்கைகளை மொறுமொறுவென்று பொரித்து, பளபளக்கும் சாஸில் புரட்டி எடுத்தாள். அன்று மாலையே திண்டிவனம் கடைத்தெருவில் சோயா சாஸ், வினிகர், சோள மாவு எல்லாம் வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "றெக்கை மட்டுமா? நாய்க்கா சார்?"

"எனக்குத்தான்."

முதல் முயற்சி தோற்றது. பொரித்த றெக்கைகளை சாஸில் போட்டுக் கொதிக்கவிட்டேன். தோல் ஊறித் தொளதொளத்துவிட்டது. "இது கொழம்பா, வறுவலா?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வர அவள் சிரித்தாள்.

விடவில்லை. வாரம் முழுக்க பஸ்ஸில் அதே வீடியோதான். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு நிற்காது என்று புரிந்தது. அடுத்த சனிக்கிழமையே றெக்கை வாங்கி, துணியால் ஒற்றி, உப்பு தடவி ஃபிரிட்ஜில் திறந்தபடி வைத்தேன். ஞாயிறன்று சோள மாவும் அரிசி மாவும் கலந்து புரட்டி, மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலை எண்ணெயில், மிதமான தீயில் பொரித்து ஆறவைத்தேன். பிறகு தீயைக் கூட்டி மறுபடியும் எண்ணெயில் போட்டேன்.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? வெந்தத எதுக்கு மறுபடியும் போடுறீங்க?"

"பேசாம பாரு."

பார்த்தாள். இது அவள் ஒருமுறைகூடச் செய்யாத சமையல்! பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாயோடு சோயா சாஸ், வினிகர், வெல்லம் சேர்த்துத் தேன் பதத்துக்கு வற்றியதும் அடுப்பை அணைத்தேன். அதன் பிறகுதான் றெக்கைகளைக் கொட்டி வாணலியைக் குலுக்கினேன். கூழாங்கற்கள் உரசுவதுபோல் கலகலவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்திலேயே ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. மேலே வறுத்த எள்ளைத் தூவித் தட்டை அவள் மடியில் வைத்தேன்.

கட்டு போட்ட நாளிலிருந்து அவள் சாப்பிட்டதெல்லாம் ஸ்பூனில்தான். சாப்பாட்டை இடது கையால் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். றெக்கையில் ஸ்பூனை வைத்து அழுத்தினாள். அது வழுக்கி ஓடியது. இரண்டாவது முறையும் ஓடியது. அவ்வளவுதான், ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு இடது கையாலேயே எடுத்துக் கடித்தாள். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பைச் சுத்தமாக உறிஞ்சிவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான்காவது முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். உதட்டிலும் மூக்கிலும் சாஸ்.

"யாருங்க சொல்லிக் குடுத்தது இத?"

"நானாத்தான்," என்றேன். கொரியாக்காரப் பெண் மன்னிக்கட்டும்.

கட்டு பிரித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு என்னிடமே இருக்கிறது. போன வாரம் கோலியனூரிலிருந்து அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடத்தில் எல்லோரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, "நான் செய்யலண்ணா, எல்லாம் அவருதான்," என்று அவள் பெருமையாகச் சொல்வது கேட்டது. நான் தீயைக் கூட்டிவிட்டு அடுத்த ஈட்டை எண்ணெயில் இறக்கினேன்.